ஆய்வுகூடக் கொப்பிகளைக் கழிக்க வேண்டாம்

மதிப்புக்குரிய நூலகர் அவர்களுக்கும் ஆவணக் குழுவினருக்கும்,

மறைந்த பௌதிகவியல் பேராசிரியரின் பெட்டிகள் கூரை ஒழுக்கில் நனைந்ததும், அதன்பின் நடந்த தரம்பிரிப்பும் தாங்கள் அறிந்ததே. சான்றிதழ்களும் அச்சான கட்டுரைகளும் அலுமாரிக்குப் போயின. ஆய்வுகூடக் கொப்பிகளும், அளவுகளைத் தானாகவே கோடாக வரையும் பதிகருவியின் தாள்சுருள்களும் கழிவுப் பட்டியலில் கிடக்கின்றன. அந்தப் பட்டியலைத் தயவுசெய்து மீளப் பெறுங்கள்.

அச்சான கட்டுரை வேறு நூலகங்களிலும் கிடைக்கும். கொப்பிக்கு மறுபிரதி இல்லை. விண்வெளியிலிருந்து வரும் அண்டக்கதிர்களை எண்ணிய கொப்பியில் ஒரு பக்கத்தைத் திறந்து பாருங்கள்: நேரம், கதிர்களை உணரும் கைகர் குழாயின் வோல்ற்றளவு, காற்றழுத்தத்தை அளக்கும் பாரமானியின் வாசிப்பு, மணிக்கு மணி எண்ணிக்கை. காற்றழுத்தம் ஏறினால் எண்ணிக்கை இறங்கும். பாரமானி நிரல் தொலைந்தால் அந்த எண்களைத் திருத்த வழியே இல்லை. சுருளில் இருப்பதோ வெறும் மைக்கோடு. அது எந்த நாளுக்குரியது, ஒரு சென்ரிமீற்றர் எவ்வளவைக் குறிக்கிறது என்பதைக் கொப்பிதான் சொல்லும். இரண்டையும் வெவ்வேறு அறைகளில் போட்டதிலேயே பாதி அழிந்துவிட்டது.

இலத்திரனின் ஏற்றத்தை அளந்த அமெரிக்கப் பௌதிகவியலாளர் மில்லிகன் 1913இல் வெளியிட்ட எண்ணெய்த்துளிக் கட்டுரையில் 58 துளிகளின் அளவுகள் உள்ளன. அவருடைய கொப்பிகளில் அதைவிடக் கூடுதலான துளிகள் உண்டு. எதை விட்டார், ஏன் விட்டார் என்று பின்வந்தவர்கள் கேட்க முடிந்தது அந்தக் கொப்பிகள் காக்கப்பட்டதால்தான். மேரி கியூரியின் கொப்பிகள் இன்றும் கதிர்வீசுகின்றன. பாரிஸில் அவற்றை ஈயப் பெட்டிகளில் வைத்திருக்கிறார்கள். இங்கே இடமில்லை என்கிறீர்கள். 1981இல் எரிக்கப்பட்ட யாழ்ப்பாண நூலகத்தோடு ஓலைச்சுவடிகளையும் பறிகொடுத்த மக்களிடம் இப்படியொரு பட்டியலை நீட்ட எப்படி மனம் வந்தது?

கடுமையாக எழுதியிருந்தால் பொறுத்தருளுங்கள். கேட்பது ஒன்றே: கொப்பிகளைக் கழிக்க வேண்டாம்.

வெயிலில் உலர்த்துவதையும் நிறுத்துங்கள். தாள் நெளியும், ஊற்றுப்பேனா மை வெளிறும். ஈரத்தாளில் இரண்டு நாளுக்குள் பூஞ்சணம் பிடிக்கும். அதற்குள் உலர்த்த முடியாதவற்றைப் பொலித்தீன் பையிலிட்டு உறைகுளிரில் வையுங்கள். மற்றவற்றை மின்விசிறிக் காற்றில், பக்கங்களுக்கிடையே அச்சிடாத தாள் செருகி உலர்த்தலாம். துருவேறிய ஊசிகளைக் கழற்றுங்கள். லாமினேற் செய்யவே வேண்டாம், பிறகு பிரிக்க முடியாது. பகலில் ஏசி போட்டு, அலுவலகம் மூடும்போது நிறுத்துவது கொழும்பின் ஈரக்காற்றில் பெருங்கேடு. குளிர்ந்த தாளில் இரவெல்லாம் ஈரம் ஏறும். ஈரம் உறிஞ்சும் கருவியொன்றை இரவும் பகலும் ஓடவிட்டு ஈரப்பதனை 60 சதவீதத்துக்குள் வைத்திருங்கள்.

எந்தச் சுருள் எந்தக் கொப்பிக்குரியது என்று இனங்கண்டு பென்சிலால் இலக்கமிட, அந்த ஆய்வுகூடத்தில் வேலை செய்த நாங்கள் சனிக்கிழமைகளில் வரத் தயார். அனுமதிக் கடிதம் ஒன்று தந்துதவுங்கள். அதுவரை ஒரு கொப்பியும் அந்தக் கட்டடத்தை விட்டு வெளியே போகக் கூடாது.

இங்ஙனம்,
முன்னாள் பௌதிகவியல் ஆய்வுகூட உதவியாளர்கள்
கொழும்பு