வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு யார் கட்டுவது?

ஆசிரியர் அவர்களுக்கு,

முதியோர் பராமரிப்பு பற்றித் தங்கள் பத்திரிகையில் வந்த கட்டுரை பிள்ளைகளின் கடமையை நிறையப் பேசியது. காசைப் பற்றி ஒரு வரியும் இல்லை. யாழ்ப்பாணத்தில் பாசத்துக்கு இன்னும் பஞ்சம் வரவில்லை. கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் காசு வரும். தூக்கி இருத்தத்தான் ஆள் வராது.

என் பெரியம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. சத்திரசிகிச்சைக்கும் வாட்டில் கிடந்த நாள்களுக்கும் காப்புறுதி ஒழுங்காகவே தந்தது. வீட்டுக்குக் கொண்டுவந்த அன்றோடு அவர்களின் கணக்கு முடிந்தது, எங்களின் செலவு தொடங்கியது. பகலுக்கொருவர், இரவுக்கொருவர், பம்பர்ஸ், படுக்கைப் புண் வராமலிருக்கக் காற்று மெத்தை. நல்ல காலம், அறளை பெயரவில்லை, அதாவது முதுமையில் நினைவு தடுமாறவில்லை. பெயர்ந்தவர்களை ஆஸ்பத்திரியில் மறித்து வைத்திருக்கமாட்டார்கள். மறிக்காவிட்டால் அந்தக் காப்புறுதியில் ஒரு சதமும் இல்லை.

இதற்கென்றே தனிக் காப்புறுதி வைத்திருக்கும் நாடுகள் உண்டு. ஜேர்மனி 1995 இல் தொடங்கியது. ஜப்பானில் 2000 இலிருந்து நடைமுறையில் இருக்கிறது. 40 வயதானால் கட்டத்தான் வேண்டும். சிங்கப்பூரின் அளவுகோல் எனக்குப் பிடித்தது. குளிப்பது, உடுப்பது, உண்பது, மலசலகூடம் போவது, நடமாடுவது, கட்டிலிலிருந்து கதிரைக்கு மாறுவது ஆகிய 6 இல் 3 ஐத் தனியே செய்ய இயலாவிட்டால் மாதாமாதம் பணம். வாட்டில் கிடந்தாரா என்று யாரும் கேட்பதில்லை.

எங்களிடம் இருப்பது ஊழியர் சேமலாப நிதி. ஊழியர் 8 வீதம், முதலாளி 12 வீதம். ஆண்களுக்கு 55 வயதில் மொத்தமாகக் கைக்கு வரும், மகளின் வீட்டுக்கோ மகனை வெளிநாடு அனுப்பிய கடனுக்கோ போய்விடும். (என்னுடையதும் அப்படித்தான் போனது, அதில் எனக்கு வருத்தமில்லை.) 40 வயதுக்குப் பிறகு சேரும் பங்கில் ஒரு சிறு துண்டைப் பராமரிப்புக்கென்று பூட்டி வைத்தால் என்ன? தோட்டம் செய்பவருக்கும் கடற்றொழிலாளிக்கும் அந்த நிதியே இல்லை என்பதால், அவர்களையும் சேர்க்க அரசாங்கம்தான் பங்கு போடவேண்டும். எங்கள் பாராளுமன்ற உறுப்பினர்கள் யாராவது இதைச் சபையில் எழுப்புவார்களா?

அதுவரை, காப்புறுதி முகவர் வாசலுக்கு வந்தால் இரண்டு கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வாங்குங்கள். வீட்டிலேயே படுக்கையில் கிடந்தால் என்ன தருவீர்கள்? அந்தத் தொகை விலைவாசியோடு ஏறுமா? 2022 இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவுக்குப் போனதை நாங்கள் பார்த்தவர்கள்.

ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்,
கோண்டாவில்.