ஊர் திரும்பும் முன் ஒரு கடிதம்

அன்புள்ள நண்பனுக்கு,

56 ஏ.பி.ஓ. என்ற ராணுவ அஞ்சல் முகவரிக்கு நீ எழுதிய கடிதம் யூனிட்டுக்குப் போய், அங்கிருந்து என்னைத் தேடிக்கொண்டு, நான் இருக்கும் ராணுவ மருத்துவமனை வார்டுக்கு நேற்றுத்தான் வந்து சேர்ந்தது. ஏரி நிரம்பிக் கோடி போன செய்தியை இரண்டு முறை படித்தேன். அதன் கீழே, என் மகள் பாட நேரத்தில் அடிக்கடி சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கிறாள் என்றும், காரணம் கேட்டால் தலையைக் குனிந்துகொள்கிறாள் என்றும் எழுதியிருந்தாய். அதற்குக் காரணம் நான்தான். தொலைபேசியில் சொல்லத் தொடங்கினால் பாதியில் பேச்சை மாற்றிவிடுவேன் என்பதால் எழுத உட்கார்ந்தேன்.

முதலில் மன்னிப்புக் கேட்க வேண்டும். முதுகெலும்பில் தேய்மானம் என்று உன்னிடம் சொன்னது பொய். அப்பா ஊருக்குச் சொல்லிவைத்ததையே நானும் உனக்குச் சொல்லிவிட்டேன். எனக்கு வந்திருப்பது வலிப்பு நோய். போன வாரம் மருத்துவ போர்டு முடிந்தது. இனி எந்தப் பணிக்கும் தகுதியில்லை என்று மூன்று மருத்துவர்களும் கையெழுத்திட்டுவிட்டார்கள். மேலிடத்து ஒப்புதல் வந்ததும் டிஸ்சார்ஜ் புக்கைக் கையில் வாங்கிக்கொண்டு ஊருக்கு வந்துவிட வேண்டியதுதான். எல்லோரும் எண்ணிக் காத்திருக்கும் பதினைந்து ஆண்டுப் பென்ஷனுக்கு எனக்கு இன்னும் ஒன்பது மாதம் பாக்கியிருந்தது.

முதல் முறை வந்தது லடாக்கில், பதினான்காயிரம் அடிக்கு மேலே இருந்த ஒரு காவல் நிலையில். இரண்டு இரவு சரியாகத் தூங்காமல் மூன்றாம் இரவும் சென்ட்ரி நின்றுகொண்டிருந்தேன். பிறகு நினைவிருப்பது, தோழன் ஒருவனின் மடியில் தலை இருந்ததும், கடிபட்ட நாக்கில் ரத்தத்தின் உப்புச் சுவையும்தான். அந்த ஒரு முறையோடு நின்றிருந்தால் தாழ்ந்த மருத்துவப் பிரிவில் வைத்துக் கண்காணித்து, பிறகு மீண்டும் எடுத்திருக்கக்கூடும். கீழே இறங்கி யூனிட்டுக்கு வந்த பிறகு, உணவுக்கூடத்தில் தட்டோடு வரிசையில் நிற்கையில் இரண்டாவது முறை வந்தது. மனநிலை, செவி, கைகால், உடல்திறன், கண் ஆகிய ஐந்தையும் வைத்து எங்களைத் தரம் பிரிப்பார்கள். ஐந்திலும் முழுத் தகுதி என்றால் ஷேப் ஒன். 14 ஆண்டுகளாக ஒவ்வொரு பரிசோதனையிலும் நான் ஷேப் ஒன். இனி எப்போது நினைவிழப்பான் என்று தெரியாத ஒருவன் கையில் ரைபிளைக் கொடுக்க முடியாது என்று மருத்துவர் பொறுமையாக விளக்கினார். அவர் சொன்னது சரி. என் பக்கத்தில் நிற்பவன் உயிருக்கு நானே ஆபத்தாக இருப்பதை நானும் விரும்பமாட்டேன்.

நான் ஏற்க மறுப்பது போர்டு எழுதிய தாளின் வேறோர் இடத்தை. நோய் படைப்பணியால் உண்டானதா, படைப்பணியால் முற்றியதா என்ற இரண்டு கேள்விகளுக்கும் 'இல்லை' என்று எழுதி, உடலின் இயல்பிலேயே உள்ளது என்று காரணம் காட்டியிருக்கிறார்கள். பத்தாண்டு முடித்தவன் என்பதால், உடல் தகுதியிழந்து வெளியேறுபவர்களுக்கான இன்வேலிட் பென்ஷன் எப்படியும் கிடைத்துவிடும். அந்த இரண்டில் ஒன்றுக்கு 'ஆம்' என்று வந்திருந்தால் ஊனத்துக்கான தொகையும் அதோடு சேரும். நூறு விழுக்காடு ஊனத்துக்குக் கடைசிச் சம்பளத்தில் 30 விழுக்காடு, குறைந்தால் அதற்கேற்றபடி. எனக்கு 20 விழுக்காடு போட்டிருக்கிறார்கள். போர்டில் வெளியேறுபவர்களுக்கு அதை 50 என்று உயர்த்திக் கணக்கிடும் முறையும் உண்டு என்று இங்கே எழுத்தர் ஒருவர் விவரித்தார். வீட்டுக் கடனுக்கு மாதந்தோறும் கட்டுவதில் பெரும்பகுதி அதிலேயே அடங்கிவிடும். ஆனாலும் பணத்தைவிட அந்த 'இல்லை' என்ற சொல்தான் உறுத்துகிறது. வெலிங்டனில் பயிற்சிக்குச் சேர்ந்த அன்று என் உடலை அங்குலம் அங்குலமாகச் சோதித்து நோயில்லை என்று எழுதிக்கொண்டவர்களும் இதே படையைச் சேர்ந்தவர்கள்தானே?

இதை நான் மட்டும் கேட்கவில்லை. தரம்வீர் சிங் என்ற சிப்பாய், சிக்னல்ஸ் பிரிவில் ஒன்பது ஆண்டுக்குச் சற்றுக் குறைவாகப் பணியாற்றி, இதே வலிப்பு நோய்க்காக, இதே 20 விழுக்காட்டோடு, இதே 'இல்லை'யோடு 1994-இல் அனுப்பப்பட்டார். அவருடைய வழக்கில் உச்ச நீதிமன்றம் 2013 ஜூலையில் தீர்ப்பளித்தது. சேரும்போது நோய் எதுவும் குறிக்கப்படவில்லை என்றால் அவர் நலமாகவே சேர்ந்தார் என்று கொள்ள வேண்டும். பின்னால் வந்த நோய் பணியால் வந்ததன்று என்று சொல்லும் போர்டு அதற்குக் காரணம் காட்ட வேண்டும். அதை மெய்ப்பிக்கும் சுமை சிப்பாயின் தலையில் இல்லை. ஐயம் இருந்தால் அதன் பலன் அவருக்கே போக வேண்டும். வார்டில் பக்கத்துக் கட்டில்காரர் இந்தத் தீர்ப்பைக் கைபேசியில் வைத்திருந்து படித்துக் காட்டினார். வந்ததும் முதல் மேல்முறையீடு எழுத வேண்டும். அதிலும் தள்ளினால் இன்னொன்று. அதற்கும் மேலே சென்னையில் ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தின் கிளை இருக்கிறது. மனுவைத் தமிழில் எழுதித் தருகிறேன். உன் ஆங்கிலம் அதற்கு வேண்டும்.

இனி நீ கேட்டதற்கு வருகிறேன். நோய் விடுப்பில் ஆறு வாரம் வீட்டில் இருந்தபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், கூடத்தில் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவ எழுந்தவன் விழுந்திருக்கிறேன். ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும், வாயில் எதையும் திணிக்கக் கூடாது, ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தால் 108-ஐ அழைக்க வேண்டும் என்று மருத்துவர் என் மனைவிக்குச் சொல்லியிருந்தார். அவள் என்னைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு, நேரத்தைப் பார்க்கும் வேலையை மகளிடம் கொடுத்திருக்கிறாள். ஒன்பது வயதுப் பெண் அப்பாவின் முகத்தைப் பார்க்காமல் சுவரில் நொடிமுள்ளையே பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறாள். நினைவு திரும்பும்போது எனக்குக் கேட்ட முதல் குரல் அவளுடையது. "ரெண்டு நிமிஷம் பத்து செகண்டும்மா" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள். அன்றைய தேதியையும் அந்தக் கணக்கையும் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்திருந்ததைப் பிறகு பார்த்தேன். அதற்குக் கீழே இரண்டு, மூன்று, நான்கு என்று எண்கள் போட்டு இடம் விட்டிருந்தாள்.

அவள் வகுப்பில் கடிகாரத்தைப் பார்த்தால் கண்டிக்காதே.

அன்று நினைவு திரும்பியதும் என் வலது கையைப் பார்த்தேன். மாட்டுக்கொட்டகைப் பூட்டின் பெரிய இரும்புச் சாவி உள்ளங்கையில் இருந்தது. அப்பா விரல்களை மடக்கிப் பிடித்துக்கொண்டு, கண் கலங்க உட்கார்ந்திருந்தார். இரும்பால் எதுவும் ஆகாது என்று நான் சொல்லவில்லை. நம் பக்கத்துக் கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்று உலகம் சொல்வதைக் கேட்டு, தன் பிள்ளையும் பட்டாளத்துக்குப் போனான் என்று 14 ஆண்டு தலை நிமிர்ந்து நடந்த மனிதர், அன்று பிடித்துக்கொள்ளக் கிடைத்தது அந்தச் சாவி ஒன்றுதான்.

தங்கைக்கு மாப்பிள்ளை பார்க்கும் நேரத்தில் இந்த நோயின் பெயர் வெளியே போகக் கூடாது என்பது அவருடைய அச்சம். அதை வெறும் அறியாமை என்று ஒதுக்க என்னால் முடியவில்லை. சட்டமே நெடுங்காலம் அப்படித்தான் இருந்தது. இந்து திருமணச் சட்டத்தில் வலிப்பு நோயைத் திருமணத்துக்குத் தடையாக வைத்திருந்ததை 1999-இல்தான் நீக்கினார்கள். ஆனால் மறைப்பதற்கு விலை கொடுப்பது என் மகள். வெளியே சொல்லக் கூடாது என்று தாத்தா கட்டளையிட்டதால்தான் நீ கேட்டபோது அவள் தலை குனிந்திருக்கிறாள். நான் தெருவில் விழுந்தால் சுற்றி நிற்பவர்களுக்கு என்ன செய்வதென்று தெரிய வேண்டாமா? பயத்தில் யாராவது வாயில் கரண்டியை நுழைத்துவிட்டால்?

மனைவியைப் பற்றி இரண்டு வரி எழுதிவிட்டுப் போக மனமில்லை. ஆண்டுக்கு 60 நாள் விடுப்பும் இடையில் சில நாட்களுமாகத்தான் அவள் என்னோடு வாழ்ந்திருக்கிறாள். அந்த நாட்களில் நான் விருந்தாளி. கறி எடுத்துச் சமைப்பதும் பிள்ளைகளை அடிக்காமல் விடுவதும் அதற்காகத்தான். மற்ற நாட்களில் போர்வெல் போட்டது, கூட்டுறவு வங்கிக்கு நடந்தது, அம்மாவின் கடைசி மாதங்களில் மருத்துவமனையில் படுத்துக் கிடந்தது எல்லாம் அவள் தனியாகச் செய்தவை. அந்த வீட்டுக்குள் ஒரேயடியாக வந்து சேரும் எனக்கு அங்கே என்ன வேலை என்று எனக்கே இன்னும் தெரியவில்லை. கிணற்றில் இறங்கக் கூடாது, வண்டி ஓட்டக் கூடாது, வயலில் மோட்டார் போடத் தனியாகப் போகக் கூடாது. விடுப்பு முடியும் தருவாயில் ஒரு நாள் குளிக்கப் போனபோது, "உள்ளே தாழ்ப்பாள் போட வேண்டாம், நான் வெளியே நிற்கிறேன்" என்றாள். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. கதவைச் சாத்திக்கொண்டு தண்ணீர் ஊற்றாமல் வெகுநேரம் நின்றேன். அவளுடைய புடவை கதவிடுக்கில் தெரிந்தது. அவள் நகரவேயில்லை. லடாக்கின் குளிரில் எனக்காக யாரும் அப்படிக் காவல் நின்றதில்லை.

வேலை பற்றிக் கேட்டிருந்தாய். பென்ஷன் வந்த நம் ஊர்க்காரர்கள் பெரும்பாலும் வங்கியிலோ ஏ.டி.எம். வண்டியிலோ துப்பாக்கிக் காவலராகப் போவார்கள். அந்த வழி எனக்கு அடைபட்டுவிட்டது. மாவட்ட முன்னாள் படைவீரர் நலன் அலுவலகத்தில் பெயரைப் பதிந்துவிட்டு, எழுத்தர் தேர்வுக்குப் படிக்கலாம் என்றிருக்கிறேன். மாத்திரையை வேளை தவறாமல் போட்டு, இரவில் நன்றாகத் தூங்கினால் பலருக்குப் பல ஆண்டுகள் வராமலே இருப்பதுண்டு என்று மருத்துவர் சொன்னார். அதை நம்பித்தான் படிப்பைப் பற்றிப் பேசுகிறேன்.

உன்னிடம் ஓர் உதவி கேட்கிறேன். நான் வருமுன் அப்பாவை ஒரு மாலை தனியாகப் பார். "எனக்கு எல்லாம் தெரியும்" என்று அவரிடம் சொல். நான் சொன்னால் பிள்ளையின் பேச்சு. நீ சொன்னால் வாத்தியார் பேச்சு. தங்கையைப் பார்க்க வருபவர்களிடமும் முதலிலேயே சொல்லிவிடலாம். அண்ணனுக்கு மாத்திரையால் அடங்கும் நோய் இருப்பதைக் கேட்டு எழுந்து போகிறவர்கள் போகட்டும். அவளிடம் நான் பேசிவிட்டேன், அவளுக்கும் இதுவே சம்மதம். அப்பா கோபப்படுவார், பிறகு அழுவார். அவசரப்படாமல் உடன் உட்கார்ந்திரு.

பள்ளிக்கூட நாட்களில் நாம் இருவரும் விடியுமுன் ஏரிக்கரையில் ஓடியதை இங்கே படுத்தபடி அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். ஆள்சேர்ப்பு முகாமில் தட்டைப் பாதம் என்று உன்னைத் திருப்பி அனுப்பியபோது, நீ மூன்று நாள் யாரோடும் பேசவில்லை. அன்று உனக்கு என்ன ஆறுதல் சொன்னேன் என்று எவ்வளவு யோசித்தும் நினைவு வரவில்லை. நான் ஒன்றும் சொல்லாமல் என் மகிழ்ச்சியிலேயே இருந்திருப்பேன் என்று இப்போது தோன்றுகிறது. அதற்கும் சேர்த்து மன்னித்துக்கொள்.

காட்பாடியில்தான் இறங்குவேன், நாளும் வண்டியும் தெரிந்ததும் சொல்கிறேன். உடன் ஒரு ஜவானை அனுப்புவார்கள், ஆனாலும் நீ வந்து நில். என் எண்ணும் பெயரும் எழுதிய கறுப்பு டிரங்குப் பெட்டி கனமாக இருக்கும், மகளுக்கு வாங்கிய சைக்கிளும் இருக்கிறது, ஆட்டோ போதாது. உன் மாமாவின் டாட்டா ஏஸை ஓட்டிக்கொண்டு வா. பாதி வழியில் பழைய நினைப்பில் ஸ்டியரிங்கைக் கேட்டால் கொடுத்துவிடாதே.

அன்புடன்,
உன் நண்பன்