வெள்ளிக்கிழமை ஓப்பன் மைக் – பெங்களூர் உறுப்பினர்கள் கவனத்திற்கு

உறுப்பினர்களுக்கு வணக்கம். வேலை நிமித்தம் பெங்களூருக்குக் குடிபெயர்ந்துள்ள நம் குழுத் தங்கை, வரும் வெள்ளிக்கிழமை மாலை இந்திராநகரில் நடைபெறும் ஓப்பன் மைக்கில் (விரும்பும் எவரும் மேடையேறிப் பாடக்கூடிய நிகழ்ச்சியில்), தாமே எழுதி இசையமைத்த இரண்டு தமிழ்ப் பாடல்களைப் பாடுகிறார். சென்ற வாரம் பாட்டின் நடுவே கிட்டாரின் முதல் கம்பி அறுந்தபோதும், மீதமிருந்த ஐந்து கம்பிகளிலேயே அவர் பாடி முடித்ததை நேரில் பார்த்தவன் என்ற முறையில் பெருமையுடன் தெரிவிக்கிறேன்.

1961 ஜனவரியில் நியூயார்க் வந்திறங்கிய 19 வயது அமெரிக்கப் பாடகர் பாப் டிலனும் அந்நகரின் கிரீனிச் வில்லேஜ் பகுதிக் காபிக் கடைகளில் முன்பின் தெரியாதவர்கள் முன்னால்தான் பாடத் தொடங்கினார்; அவ்வாண்டு ஏப்ரலில் ப்ளூஸ் இசைப் பாடகர் ஜான் லீ ஹூக்கரின் நிகழ்ச்சியில் முதலில் மேடையேறும் வாய்ப்பு அவருக்குக் கிடைத்தது.

புது ஊரில் பாடுபவருக்குத் தெரிந்த முகம் ஒன்று முன்வரிசையில் இருப்பதே பெரிய தெம்பு. ஆகவே பெங்களூர் உறுப்பினர்கள் ஆறரை மணிக்குள் வந்து அமருமாறு அன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.