தளத்தைப் பிரிக்கும் முன்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நீ அனுப்பிய பழைய நீர்ச்சறுக்குப் படகின் படங்களைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஸ்கீ கயிறு மாட்டும் கம்பத்தைச் சுற்றி ஒரு முழ அகலத்துக்குக் கார்பெட் கறுத்துக் கிடக்கிறது. கால் வைத்தால் அந்த இடம் மெத்து மெத்தென்று அமுங்குகிறது என்று எழுதியிருக்கிறாய். அங்கே மட்டும் பலகையை வெட்டி மாற்றிவிட்டு இந்தப் பருவத்தை ஓட்டிவிடலாமா என்று கேட்டாய். வேண்டாம் மா. அந்தத் தளத்துக்குக் கீழே என்ன நிற்கிறது என்று தெரியாமல் மேலே புதுப் பலகை போட்டால், அதுவும் சில பருவங்களில் அதே மாதிரி அமுங்கும்.

1970, 80-களில் செய்த இந்த மாதிரிப் படகுகளின் அடிப்பகுதி எப்படி அமைந்திருக்கும் என்று முதலில் மனதில் வாங்கிக்கொள். வெளியே ஃபைபர்கிளாஸ் உடல். உள்ளே முன்னிருந்து பின்வரை நீளமாக ஓடும் மரக்கட்டைகள், அவைதான் ஸ்ட்ரிங்கர்கள். என்ஜின் அவற்றின்மேல் உட்கார்ந்திருக்கிறது. அவற்றுக்கு மேல் பிளைவுட் தளம். தளத்துக்கும் அடிப்பகுதிக்கும் நடுவில் உள்ள வெற்றிடம் முழுக்கப் பாலியூரத்தேன் ஃபோம். படகில் தண்ணீர் நிறைந்தாலும் முழுகிப்போகாமல் தாங்குவதற்காக ஊற்றியது அது.

புது ஃபோமுக்குள் இருக்கும் குட்டிக் காற்றறைகள் மூடியவை, தண்ணீர் உள்ளே போகாது. ஆனால் பல வருடம் தண்ணீரிலேயே ஊறி, என்ஜின் அதிர்வில் ஆடி, உறைந்து உருகி, அறைச் சுவர்கள் உடைந்துவிடும். பிறகு உள்ளே போன தண்ணீர் வெளியே வராது. தளத்தைத் திறந்து வெயிலில் காயவைக்கலாம், விசிறி வைக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதே. மேலே இரண்டு அங்குலம் காயும், கீழே அப்படியே நிற்கும்.

தண்ணீர் பெரும்பாலும் மேலிருந்துதான் வருகிறது. இருக்கை ஸ்குரூ, கம்பத்தின் போல்ட், கார்பெட்டைப் பிடித்திருக்கும் ஸ்டேப்பிள் என்று ஒவ்வொன்றும் பிளைவுட்டில் ஒரு துளை. ஈரக் கார்பெட் அந்தத் துளைகளின்மேல் நாள்கணக்கில் கிடக்கிறது. கீழே போன தண்ணீருக்கு வடிகால் இல்லை. மூடாமல் நிறுத்திய படகில் விழும் மழைநீர், ஓட்டும்போது தெறிக்கும் தண்ணீரைவிட அதிகம் கெடுக்கும். மரத்தின் ஈரம் 20 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் பூஞ்சை அதை மக்கவைக்காது. நனைந்த ஃபோமை அணைத்துக்கொண்டு நிற்கும் கட்டைக்கு அந்த வாய்ப்பே இல்லை.

உறுதிசெய்ய மூன்று சோதனை போதும். முதலாவது எடைமேடை. டிரெய்லரோடு எடைபோட்டு, டிரெய்லரின் எடை, பெட்ரோல், சாமான்களைக் கழித்து, கையேட்டில் உள்ள எடையோடு ஒப்பிட்டுப் பார். ஒரு கணக்கு சொல்கிறேன்: தளத்துக்குக் கீழே 0.4 கன மீட்டர் ஃபோம் இருப்பதாக வைத்துக்கொள். கன மீட்டருக்கு 32 கிலோ அடர்த்தியில் அது 13 கிலோ இருக்க வேண்டும். அதில் பாதி நனைந்திருந்தால் கிட்டத்தட்ட 200 கிலோ தண்ணீரைச் சுமந்துகொண்டு ஓடுகிறாய். மூன்று பெரியவர்கள் எப்போதும் ஏறி உட்கார்ந்திருப்பது போல. படகு தண்ணீர்மேல் எழும்பி ஓடச் சுணங்குவதற்கு என்ஜினைக் குறை சொல்வதற்கு முன் இதைப் பார்.

இரண்டாவது, தளத்தின் மிகத் தாழ்ந்த பகுதியில் 50 மி.மீ. ஹோல்சாவால் (வட்டமாக அறுக்கும் பிட்) ஒரு துளை போட்டு, அடிவரை ஃபோமைத் தோண்டி எடு. கையில் பிழிந்தால் சொட்டுகிறதா பார். துளை போடுமுன் அங்கே பெட்ரோல் டேங்கோ வயரோ இல்லை என்று உறுதிசெய்துகொள். மூன்றாவது, ஸ்ட்ரிங்கரின் பக்கவாட்டில், அடியிலிருந்து 50 மி.மீ. உயரத்தில், 6 மி.மீ. பிட்டால் துளைத்துப் பார். நல்ல மரம் வெளிறிய சுருள்களாக வரும். மக்கிய மரம் காப்பித்தூள் மாதிரி கறுத்து, பிட்டில் அப்பிக்கொண்டு, ஈர மண் வாசனையோடு வரும். என்ஜினைத் தாங்கிப் பிடிக்கும் மவுண்டுக்கு அருகிலும் துளைத்துப் பார், அங்கேதான் பெரிய ஸ்குரூக்கள் இறங்குகின்றன.

இனி சொல்வதுதான் எனக்கு மிக முக்கியம், நின்று படி. தளமும் ஸ்ட்ரிங்கரும்தான் அந்த உடலுக்கு வடிவம் தருகின்றன. அவற்றை எடுத்தவுடன், டிரெய்லர் எங்கே தாங்குகிறதோ அந்த இடம் தூக்கிக்கொள்ளும், தாங்காத இடம் தொங்கும். அந்த நிலையில் புதுக் கட்டையை ஒட்டிவிட்டால் கோணல் நிரந்தரமாகிவிடும். பின்பகுதி அடி உட்குழிந்தால் மூக்கு கீழே அழுந்தி வேகம் போகும். வெளியே புடைத்தால் ஓடும்போது படகு குதிரை மாதிரி மேலும் கீழும் ஆடும். ஆகவே அறுப்பதற்கு முன்பே டிரெய்லரை மட்டம் பார்த்து ஸ்டாண்டில் நிறுத்து. டிரெய்லரின் நீளத் தாங்கிகள் படகின் அடியோடு முழுதாக ஒட்டியிருக்க வேண்டும். இடைவெளி இருக்கும் இடங்களில் கூடுதல் தாங்கி கொடு. இரண்டு பக்க விளிம்புகளுக்கும் குறுக்கே மூன்று இடத்தில் கட்டை அடித்து அகலத்தைப் பூட்டு. பின்பகுதி அடியில் வெளிப்புறமாக 2 மீட்டர் நேர்ச்சட்டம் வைத்துப் பார்த்துக் குறித்துவை, வேலை நடக்கும்போது அடிக்கடி திரும்பப் பார். எல்லா ஸ்ட்ரிங்கரையும் ஒரே நாளில் பிடுங்கிவிடாதே. ஒன்றை எடுத்து, புதியதை வைத்து, அது இறுகிய பிறகு அடுத்தது.

என்ஜினை இறக்குமுன் இன்னொரு வேலை. புரொபெல்லரைச் சுழற்றும் தண்டான ஷாஃப்ட் போகும் பாதையின் நடுவில் ஒரு நூலை இழுத்துக் கட்டி, அந்த நூலிலிருந்து மவுண்ட் உட்காரும் இடங்களின் உயரத்தையும் தூரத்தையும் மில்லிமீட்டரில் எழுதிவை. பழைய கட்டை பொடியாகிவிட்டால் அளவு எடுக்க வேறு இடம் கிடையாது.

பிரிக்கும்போது பேட்டரியையும் பெட்ரோலையும் படகைவிட்டு வெளியேற்றிவிடு. வட்ட ரம்பத்தின் ஆழத்தைத் தளத்தின் தடிமனுக்குமேல் ஒரு மயிரிழை மட்டும் வைத்து, பக்கச் சுவரிலிருந்து 60 மி.மீ. உள்ளே தள்ளி அறு. மீந்த விளிம்பைப் பிறகு கிரைண்டரால் தேய்த்து எடுக்கலாம். ஃபோமைத் தட்டை மண்வெட்டியாலும் கைரம்பத்தாலும் பாளம் பாளமாக எடு. அடியில் நெருங்கும்போது கூர்முனையால் குத்தாதே, அங்கே ஃபைபர் சில மில்லிமீட்டர்தான். எடுத்த ஃபோமை ஒருபோதும் எரிக்காதே, அந்தப் புகையில் ஹைட்ரஜன் சயனைடு இருக்கிறது. கிரைண்டர் வேலைக்கு 40 கிரிட் டிஸ்க், நுண்தூசியைத் தடுக்கும் P3 ரக மாஸ்க், கண்ணை முழுக்க மூடும் கண்ணாடி, முழுக்கைச் சட்டை. தேய்க்கும் முன் ஒரு முறை அசிட்டோனால் துடை, இல்லாவிட்டால் எண்ணெய்ப் பிசுக்கைத் தேய்த்து உள்ளேயே ஏற்றிவிடுவாய். தேய்த்த பிறகு இன்னொரு முறை. குளிக்கும்போது முதலில் குளிர்ந்த நீர் ஊற்றிக்கொள், உன் தோல் பிழைக்கும்.

பிறகு காத்திரு. அடி முழுக்கக் காய்ந்தால்தான் எந்த ரெசினும் (ஃபைபரை ஒட்டி இறுகும் பிசின்) பிடிக்கும். பிளாஸ்டிக் தாளை டேப்பால் நான்கு பக்கமும் ஒட்டி ஒரு நாள் விட்டுப் பார். உள்பக்கம் வியர்த்திருந்தால் இன்னும் காயவில்லை.

புதுக் கட்டைக்கு BS 1088 என்ற பிரிட்டிஷ் தர முத்திரையுள்ள மெரைன் பிளைவுட் வாங்கு. 18 மி.மீ. பலகை இரண்டை ஒட்டி 36 மி.மீ. ஆக்கலாம். நீளத்துக்கு இணைக்கும்போது தடிமனைப் போல் 8 மடங்கு சரிவு, அதாவது 144 மி.மீ., வைத்துச் சீவி ஒட்டு. இரண்டு பலகையின் ஒட்டுகளும் நேருக்கு நேர் வரக்கூடாது. மருந்தேற்றிய ஈர மரம் வேண்டாம், ரெசின் அதில் நிற்காது. மரமே வேண்டாம் என்றால் கூசா மாதிரியான ஃபோம் பலகை மக்காது, விலை கூடுதல். ஒழுங்காக மூடினால் பிளைவுட்டே போதும் என்பது என் எண்ணம்.

ரெசினில் எபாக்ஸியையே எடுத்துக்கொள். படகு உடலின் பழைய பாலியஸ்டர் ரெசின்மேல் எபாக்ஸி நன்றாகப் பிடிக்கும், எபாக்ஸிமேல் பாலியஸ்டர் பிடிக்காது. கலவை விகிதம் டப்பாவில் உள்ளபடிதான். சீக்கிரம் இறுகட்டும் என்று, இறுகவைக்கும் திரவமான ஹார்டனரைக் கூட்டினால் கடைசிவரை பிசுபிசுக்கும். கலந்ததை ஆழமான டப்பாவில் விடாதே, தானே சூடேறிப் புகையும். அகலத் தட்டில் ஊற்றிவிடு. இறுகிய மேல்பரப்பில் மெழுகு போல ஒன்று படியும், அடுத்த பூச்சுக்கு முன் தண்ணீரும் தேய்ப்பானும் கொண்டு கழுவு. சாதாரண ஃபைபர் மேட்டின் இழைகளைப் பிடித்திருக்கும் பசை எபாக்ஸியில் கரையாது. தையல் போட்ட 1708 ரகக் கண்ணாடியிழைத் துணி கேட்டு வாங்கு, சதுர மீட்டருக்குச் சுமார் 820 கிராம்.

ஸ்ட்ரிங்கரை அடியில் நேராக முட்டவைக்காதே. முட்டும் வரியில் அடிப்பகுதி வெளியே கோடாகத் தெரியும், அங்கேதான் விரிசலும் விடும். 5 மி.மீ. இடைவெளி விட்டு, கெட்டிச் சட்னி பதத்துக்குக் குழைத்த எபாக்ஸியில் உட்காரவை. பக்கங்களில் வழிவதை ஒரு வட்டமுனைக் குச்சியால் வழித்து வளைவாக்கு. செங்கோண மூலையில் துணி படியாது, காற்று நிற்கும். முதல் துணி அடியில் 75 மி.மீ. பரவட்டும், இரண்டாவது 125, மூன்றாவது கட்டையை மேலோடு சேர்த்து முழுக்கப் போர்த்தட்டும். தண்ணீர் பின்னால் ஓட அங்கங்கே துளை வேண்டும். அந்தத் துளைக்குள் பிளாஸ்டிக் குழாயை எபாக்ஸியில் பதித்துவிடு, வெறும் மரம் எங்கேயும் தெரியக்கூடாது.

ஃபோம் இல்லாமலே மூடிவிடலாம் என்று உனக்குத் தோன்றும். அது உயிர்காக்கும் பொருள், சில படகுகளில் அடிக்கு விறைப்பும் தருகிறது. விடாதே. ஊற்றுவதற்கு முன் நடுக்கோட்டில் பாதியாகப் பிளந்த குழாயைக் கவிழ்த்துப் பதி. நாளை உள்ளே எது இறங்கினாலும் பின்னால் வடிய அது வழி. கலந்தால் ஃபோமாகப் பொங்கும் இரண்டு திரவமும் சம அளவு, படகும் திரவமும் 24 டிகிரிக்குக் குறையாத நாளில். 300 மில்லியும் 300 மில்லியும் கலந்தால் 15 முதல் 20 லிட்டர்வரை பொங்கும். கலக்க உனக்குக் கிடைப்பது 20 விநாடி சொச்சம்தான். ஒரே நேரத்தில் நிறைய ஊற்றினால் உள்ளே கருகும், பக்கங்களைத் தள்ளிவிடும். கொஞ்சம் ஊற்றி, 20 நிமிடம் விட்டு, அடுத்தது. அந்தத் திரவத்திலிருந்து வரும் ஐசோசயனேட் ஆவி நுரையீரலுக்கு ஆகாது, ஆவி மாஸ்க் இல்லாமல் தொடாதே. தெர்மாகோல் போன்ற பலகைகளை அடுக்கலாமே என்றால், பெட்ரோல் பட்டால் அவை கரைந்துவிடும். பொங்கி எழுந்ததை ஸ்ட்ரிங்கர் மட்டத்துக்கு அறுத்து, அறுத்த முகத்தில் எபாக்ஸி பூசு, அங்கே அறைகள் திறந்திருக்கும்.

தளம் 12 மி.மீ. பிளைவுட். விளிம்பு உட்பட எல்லாப் பக்கத்துக்கும் மூன்று பூச்சு, பிறகு கட்டைகள்மேல் குழைத்த எபாக்ஸியில் உட்காரவைத்து, மேலே துணி. சுவரோடு 100 மி.மீ. மடித்து ஒட்டு. கார்பெட்டும் இருக்கையும் உன் விருப்பம். ஒவ்வொரு ஸ்குரூவுக்கும் பெரிதாகத் துளைத்து, எபாக்ஸி நிரப்பி, இறுகியதும் நடுவில் சிறிய துளை போட்டுத் திருகு. கம்பத்தின் போல்ட்டுகளுக்கு இது கட்டாயம். 8 மி.மீ. போல்ட்டுக்கு 12 மி.மீ. துளைத்து நிரப்பு. அடியில் 6 மி.மீ. அலுமினியத் தகடு கொடு. கயிற்றின் இழுவை அந்தக் கம்பத்தை நெம்புகோலாக்கி முழு பாரத்தையும் அடியில் இறக்குகிறது. படத்தில் கறுத்திருந்த இடம் அதுதான்.

என்ஜினை வைத்ததும் ஷாஃப்ட் இணைப்பை மேலோட்டமாகச் சரிசெய். இறுதி அளவு, படகு ஒரு நாள் தண்ணீரில் மிதந்த பிறகு. இணைப்பின் இரண்டு முகங்களுக்கும் நடுவில் மேல், கீழ், இடம், வலம் நான்கிலும் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) விட்டுப் பார், வித்தியாசம் 0.08 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது.

அறுக்கத் தொடங்கும் முன், என்ஜின் மவுண்ட் இடத்தில் ஸ்ட்ரிங்கரின் உயரம், அகலம், இரண்டுக்கும் இடையிலான தூரம், மூன்றையும் அளந்து எனக்கு அனுப்பு. பிளைவுட் எத்தனை பலகை வாங்க வேண்டும் என்று கணக்குப் போட்டுச் சொல்கிறேன்.

அன்புடன்,
அப்பா