மைக்ரோவேவ்ல மாயம் ஒண்ணும் இல்லீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

மைக்ரோவேவ் வச்சு பாலிமர் (சின்ன மூலக்கூறுங்க சங்கிலியா கோர்த்து வர்ற பொருள்) தயாரிக்கிறது பத்தி நம்ம பேப்பர்ல வந்த கட்டுரை படிச்சேன், சந்தோஷம் தான், ஆனா அதுல மைக்ரோவேவ் கதிர் மூலக்கூறை உடைச்சு புதுசா கோர்க்குதுன்னு போட்டிருந்தீங்க பாருங்க, அது தப்பு. 2.45 கிகாஹெர்ட்ஸ் அலையோட ஒரு ஃபோட்டான்ல, அதாவது அலையோட ஒரு ஆற்றல் பொட்டலத்துல, சுமார் 0.00001 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் தான் இருக்கு, கார்பன்-கார்பன் பிணைப்பை உடைக்கணும்னா மூணரை எலக்ட்ரான் வோல்ட் கிட்ட வேணும். எங்கேர்ந்து உடைக்கும்?

நடக்கிறது வெறும் சூடு தாங்க. போலார் மூலக்கூறுங்க (ஒரு முனை பிளஸ், இன்னொரு முனை மைனஸா இருக்கிறதுங்க) மாறிக்கிட்டே இருக்கிற மின்புலத்தோட சேர்ந்து திரும்பப் பார்க்கும், அயனிங்க முன்னும் பின்னும் ஓடும், அதுல கரைசல் உள்ளுக்குள்ளயே சூடாயிடும், சூடான எண்ணெய்ல குப்பியை வைக்கிற ஆயில் பாத் மாதிரி முதல்ல குப்பியோட சுவர் சூடாகி அப்புறம் உள்ள போற கதை இல்ல. ஹெக்சேன் மாதிரி போலார் இல்லாத சால்வெண்ட்னா (கரைப்பான்னா) அந்தச் சூடும் ஏறாது. மூடின குப்பின்னா கொதிநிலையையும் தாண்டலாம். அசிட்டோனைட்ரில்ங்கிற சால்வெண்ட் 82 டிகிரில கொதிக்கும், ஆனா அதுலயே 140 டிகிரில எத்தில் ஆக்சசோலின்ங்கிற சின்ன மூலக்கூறை பாலிமர் ஆக்குறாங்க, மணிக்கணக்கா ஆகுற வேலை நிமிஷத்துல முடியுது, சங்கிலி நீளமும் பெருசா சிதறாம வருது, தண்ணில கரையுற பாலிமர் அது, மருந்தை உடம்புக்குள்ள கொண்டு போக ஆராய்ச்சி நடக்குது. ஆனா அதே டெம்பரேச்சருக்கு பிரஷர் ரியாக்டர்ல சாதாவா சூடு பண்ணினாலும் அதே வேகம் தான்!

சூட்டைத் தாண்டி "மைக்ரோவேவ் எஃபெக்ட்"னு தனியா ஒண்ணு இருக்கான்னு வருஷக்கணக்கா சண்டை போட்டாங்க. பாதி குழப்பம் தெர்மாமீட்டரால வந்தது, வெளியேர்ந்து இன்ஃப்ராரெட் சென்சார் காட்டுறதை விட உள்ள சூடு அதிகமா இருக்கும். ஆஸ்திரியாவுல காப்பேங்கிற வேதியியலாளரோட குழு சிலிக்கான் கார்பைடு குப்பியில பண்ணிப் பார்த்தாங்க, அது மைக்ரோவேவை உள்ள விடாம தானே உறிஞ்சி சூட்டை மட்டும் கொடுக்கும், அப்பவும் அனேக ரியாக்ஷன் அப்படியே தான் வந்துச்சு, அதாவது வேலை பார்த்தது சூடு தான்.

இன்னொண்ணு, கட்டுரையில வீட்டு மைக்ரோவேவ் அடுப்பு படம் எதுக்கு? 1986ல வந்த முதல் ஆராய்ச்சிக் கட்டுரைகள்ல வீட்டு அடுப்பு தான் யூஸ் பண்ணாங்க, ஒத்துக்கிறேன், ஆனா அப்பவே குப்பி வெடிச்சதும் நடந்துச்சு, அந்த அடுப்புல டெம்பரேச்சர் கண்ட்ரோலும் கிடையாது, கலக்கவும் வழியில்ல, சால்வெண்ட் ஆவி தீப்பிடிச்சா அவ்ளோ தான். சின்னதா ஒரு திருத்தமாவது போடுங்க. முடிஞ்சா இதை ஃபேக்டரி அளவுக்குக் கொண்டு போறது ஏன் இழுபறியா இருக்குன்னும் எழுதுங்க, தண்ணி மாதிரி திரவத்துக்குள்ள இந்த அலை சில சென்டிமீட்டர் கூட ஒழுங்கா போகாது.

இப்படிக்கு,
பாலிமர் லேப்ல வேலை பார்க்கிற ஒரு வாசகர்