ஜி கோங் எதிர்க்கட்சி அன்று

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சீன அரசியல் குறித்து அண்மையில் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரை, அயலகச் சீனர்களிடையே பிறந்த ஜி கோங் கட்சியை அந்நாட்டின் 'சிறிய எதிர்க்கட்சி' என்று ஒரே வரியில் சொல்லிக் கடந்துவிட்டது. அது எதிர்க்கட்சி அன்று. கம்யூனிஸ்ட் கட்சியின் தலைமையை ஏற்றுக்கொண்டு இயங்க அனுமதிக்கப்பட்டுள்ள எட்டுச் சிறு கட்சிகளுள் அதுவும் ஒன்று.

ஹொங்மென் எனப்படும் பழைய இரகசியச் சங்க மரபில் வந்த, அமெரிக்கச் சீனரின் சங்கமொன்று 1925 அக்டோபரில் சான் பிரான்சிஸ்கோவில் கட்சியாக உருமாறியது. புதிய கட்சிக்குத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர், அப்போது ஹாங்காங்கில் இருந்த சென் ஜியோங்மிங். மாகாணங்கள் தம்மைத் தாமே ஆண்டு கூட்டாட்சியாக இணைய வேண்டும் என்று வாதிட்டு, அதனாலேயே 1922இல் சீனக் குடியரசின் நிறுவனரான சுன் யாட்-சென்னுடன் பகைத்துக்கொண்டவர் அவர். அத்தகைய ஒருவரைத் தலைவராகக் கொண்டு தொடங்கிய கட்சி, 1947இல் ஹாங்காங்கில் கூடிய மாநாட்டில் கம்யூனிஸ்ட் கட்சியின் பக்கம் திசை மாறி, 1949இல் பெய்ஜிங்கின் அரசியல் ஆலோசனை மாநாட்டில் போய் அமர்ந்தது. கட்டுரையாளர் விரித்து எழுதியிருக்க வேண்டிய இடம் இதுவே என்பது என் எண்ணம்.

ஆயினும் அவ்வாண்டில் அயலகச் சீனரின் குரல் முற்றிலும் அடங்கியிருந்ததாகச் சொல்ல முடியாது. புதிய நாட்டின் பெயருடன் 'சீனக் குடியரசு' என்ற பழைய பெயரையும் சுருக்கமாக வைத்துக்கொள்ளலாமா என்று பேச்சு எழுந்தபோது, அமெரிக்க ஹொங்மென் அமைப்பின் முதியவரான சிது மெய்தாங், எண்பது வயதைக் கடந்த நிலையிலும் எழுந்து நின்று கடுமையாக எதிர்த்தார். அந்தச் சுருக்கப் பெயர் கைவிடப்பட்டது.

இன்று ஜி கோங் கட்சியின் உறுப்பினர்கள் பெரும்பாலும் தாயகம் திரும்பிய சீனர்கள், அவர்களின் உறவினர்கள், வெளிநாட்டுத் தொடர்புள்ள கல்வியாளர்கள். ஜெர்மனியில் அவுடி நிறுவனத்தில் பொறியாளராக இருந்து திரும்பிய வான் காங், இக்கட்சியைச் சேர்ந்தவராகவே 2007இல் அறிவியல் தொழில்நுட்ப அமைச்சரானார். மின்சாரக் கார்களுக்கு அந்நாட்டு அரசு காட்டிய அக்கறையில் அவருக்குப் பெரும் பங்குண்டு. ஆனால் அந்தப் பதவி வாக்குப்பெட்டியிலிருந்து வந்ததன்று, மேலிடம் அளித்தது. அதே 1949இல் மலாயாவில் தோன்றித் தேர்தல் களத்தில் நின்று வாக்குக் கேட்ட சீனர் கட்சியான மசீசவோடு (மலேசிய சீனர் சங்கம்) ஜி கோங்கை ஒப்பிட நினைக்கும் வாசகர்கள் இவ்வேறுபாட்டை மனத்தில் கொள்வது நலம்.

சீன அரசின் சொல்வழக்கில் ஜி கோங் போன்ற கட்சிக்குப் பெயர் 'ஆட்சியில் பங்கேற்கும் கட்சி'. அச்சொல்லில் எனக்கு முழு உடன்பாடு இல்லை. எனினும் தாங்கள் இட்ட பெயரைவிட அது உண்மைக்குச் சற்று அருகில் இருப்பதால், ஒரு திருத்தம் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
பினாங்கு