எரிந்த காட்டில் ஒரு பகல்

அன்புள்ள மணி,

இங்கே எல்லாரும் நலம். அம்மாவின் முட்டி வலி எப்படி இருக்கிறது? செல்வி கல்யாணம் முடிவானால் எனக்கு முதலில் சொல். போன தடவை மாதிரி ராஜு மாமா மூலம் தெரிந்தால் நான் வரவே மாட்டேன்.

சனிக்கிழமை தனியாக, இங்கே ஆஸ்திரேலியாவில் சிட்னிக்கு மேற்கேயுள்ள ப்ளூ மவுண்டன்ஸ் மலைக்காட்டுக்குப் போய் வந்தேன். பிளாக்ஹீத்தில் ரயிலிறங்கி, கிரோஸ் பள்ளத்தாக்கை ஒட்டி நாள் முழுக்க நடை. தனியாகவா என்று கத்தாதே! போகும் பாதையையும் திரும்பும் நேரத்தையும் வீட்டில் எழுதி வைத்துவிட்டுத்தான் கிளம்பினேன்.

2019 கடைசியில் இங்கே பரவிய காட்டுத்தீ உனக்கு நினைவிருக்கும். காஸ்பர்ஸ் மலையில் மின்னல் விழுந்து பற்றிய தீ மட்டுமே 5 லட்சம் ஹெக்டேருக்கு மேல் எரித்தது. டிசம்பரில் கிரோஸ் பக்கமும் பற்றியது. யூகலிப்டஸ் அடிமரங்களில் இன்னும் கரி ஒட்டியிருக்கிறது, தொட்டால் கை கறுக்கிறது. ஆனால் மேலே ஒரே பச்சை. தடித்த பட்டைக்குள் பதுங்கியிருந்த மொட்டுகள் தீக்குப் பிறகு தண்டு நெடுகத் துளிர்த்து, இப்போது கிளைகளாகிவிட்டன. மணி, நான் அங்கேயே நின்றுவிட்டேன்.

காடு மீண்டுவிட்டது என்று இங்கே பலரும் சொல்கிறார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. பாங்க்சியா என்ற இந்த ஊர்ப் புதர்ச்செடியில் ஒரு வகை இருக்கிறது; தீயில் தாய்ச்செடி செத்துப்போகும், காய் மட்டும் சூட்டில் வாய் திறந்து விதையை உதிர்க்கும். அப்படி முளைத்தவை பாதையோரம் நெஞ்சுயரத்துக்கு நிற்கின்றன. அவை பூத்துக் காய்த்துப் போதுமான விதை சேர்க்கப் பல வருடம் வேண்டும். அதற்குள் இன்னொரு தீ வந்தால் அந்த இடத்தில் அந்தச் செடி அவ்வளவுதான். ஓடையோர மழைக்காட்டு மரங்கள் நிலைமை இன்னும் மோசம், அவை தீக்குப் பழகியவையே இல்லை. 2019இல் வறட்சி முற்றி, ஈரப் பள்ளங்களுக்குள்ளும் தீ இறங்கியது. வெயில் கூடக்கூட இரண்டு தீக்கு நடுவிலுள்ள இடைவெளி சுருங்குகிறது. கறுப்பு மரத்தில் பச்சையைப் பார்த்துவிட்டு நிம்மதியாக வீடு திரும்ப என்னால் முடியவில்லை.

நடக்கும்போது குரங்கணி ஞாபகம் வந்துகொண்டே இருந்தது. 2018 மார்ச்சில் மலையேறப் போய்க் காட்டுத்தீயில் சிக்கித் திரும்பாத அந்தப் பிள்ளைகள். நீ போடியில்தானே இருக்கிறாய், வனத்துறை அனுமதி கிடைத்தால் ஒருமுறை போய்ப் பார். அந்தச் சரிவில் புல் மட்டும்தான் நிற்கிறதா, மரக்கன்றும் வருகிறதா? விவரமாக எழுது. போட்டோ மட்டும் அனுப்பித் தப்பிக்காதே.

அன்புடன்,
சேகர்